எண்ணெய்க் காலும் அமெரிக்க வண்டியும்

பண்பொழி திருமலைக் கோவிலுக்கு வண்டி ஏறும் பாதையில், பாதி ஏற்றத்தில் புது வண்டியை நிறுத்திவிட்டு மறுபடி எடுத்துக் காட்டுவதை இன்றைக்குத் தென்காசியில் எல்லா ஷோரூம்காரர்களும் செய்கிறார்கள். போன மாதம் கோவிலுக்குப் போயிருந்தபோது ஒரு வளைவில் அப்படி ஒரு வண்டி நின்றது. வாங்க வந்த குடும்பம் உள்ளே இருந்தது. கழுத்தில் அடையாள அட்டை மாட்டிய ஒரு பெண் வெளியே நின்று விளக்கிக்கொண்டிருந்தாள். வண்டி கிளம்பி மேலே போனதும் அவளிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"இத யாரும்மா ஒனக்குச் சொல்லிக் குடுத்தா?"

"எங்க சீனியர் சார். ரொம்ப நாளா இப்படித்தான் காட்டுதாங்களாம். யாரு ஆரம்பிச்சாங்கன்னு தெரியாது."

நாங்கள்தான் ஆரம்பித்தோம் என்று சொன்னேன். எந்தக் கம்பெனி என்று கேட்டாள். பெயரைச் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அது லாரி கம்பெனியா சார்?" என்றாள். அவள் மேல் தப்பில்லை, அவள் பள்ளிக்கூடம் போகிற காலத்திலேயே எங்கள் போர்டை இறக்கிவிட்டார்கள். இருந்தாலும் எனக்குச் சுருக்கென்று இருந்தது. மலை இறங்கி வீடு வரும்வரை அதையே நினைத்துக்கொண்டு வந்தேன், அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

கம்பெனியின் பெயரை இங்கே எழுதவில்லை. அந்த வண்டிகள் இன்னும் சில வீடுகளில் நிற்கின்றன. உதிரிபாகம் தேடி அலைகிறவர்களின் வயிற்றெரிச்சலை நான் கிளற வேண்டாம். ஊரில் அதை 'அமெரிக்கா வண்டி' என்றுதான் சொல்வார்கள். அமெரிக்காவில் பந்தயத்துக்கும் வேகத்துக்கும் பேர் போன கம்பெனி. எங்கள் ஷோரூம் சுவரில் பாலைவனத்தில் புழுதி கிளப்பிக்கொண்டு பாய்கிற ஒரு வண்டியின் படம் மாட்டியிருந்தது. அந்த வண்டியை நாங்கள் யாரும் கண்ணால் பார்த்ததில்லை. எங்களுக்கு வந்தது அதன் தம்பி மாதிரி ஒரு சின்ன வண்டி, சென்னைப் பக்கம் செய்தது.

நான் ஐ.டி.ஐ. முடித்து, செங்கோட்டையில் ஒரு லாரிப் பட்டறையில் பல வருஷம் கிடந்தவன். தென்காசியில் இந்த ஷோரூம் திறந்தபோது ஒர்க்‌ஷாப்புக்கு ஆள் எடுத்தார்கள். சேர்ந்தேன். பயிற்சிக்குச் சென்னைக்கு அனுப்பினார்கள். ஏ.சி. அறையில் படம் போட்டுக் காட்டியதில் பாதி நேரம் தூங்கினேன், விழித்திருந்த பாதி எனக்குப் போதுமானதாக இருந்தது. திரும்பி வந்ததும் சர்வீஸ் அட்வைசர் என்று சட்டையில் பெயர் தைத்துக் கொடுத்தார்கள். அதாவது வாடிக்கையாளர் திட்டுவதை முதலில் வாங்கிக்கொள்கிற ஆள்.

அந்த வண்டி இங்கே விற்றதற்குக் காரணம் பந்தயமும் இல்லை, படமும் இல்லை. இழுவைதான். அப்போது மற்ற சின்ன வண்டிகளில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு மலை ஏறினால் ஏ.சி.யை அணைக்க வேண்டும், சில வண்டிகளில் மைத்துனனை இறக்கிவிடவும் வேண்டும். எங்கள் வண்டியில் எதையும் அணைக்க வேண்டாம், யாரையும் இறக்க வேண்டாம். அதைக் காட்டத்தான் பண்பொழி மலை. ஆச்சி முதல் பேரப்பிள்ளை வரை எல்லோரையும் ஏற்றி, பாதி ஏற்றத்தில் நிறுத்தி, ஏ.சி. ஓட ஓட எடுத்துக் காட்டுவோம். மேலே போனதும் முருகனைக் கும்பிட்டு, அங்கேயே முன்பணம் பேசி முடித்து இறங்குகிறவர்கள் உண்டு. கடையநல்லூர் வியாபாரிகள், செங்கோட்டை எஸ்டேட்காரர்கள், போலீஸிலும் பட்டாளத்திலும் பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்காரர்கள் எல்லோரும் வந்தார்கள். புது வண்டிச் சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுங்காத சனிக்கிழமை கிடையாது.

இந்த ஊரில் புது வண்டிக்கு ஒரு மரியாதை உண்டு. சீட்டுக்குப் போட்டு வந்த பாலிதீன் உறையைக் கிழிக்க மாட்டார்கள். செருப்பைக் கழற்றி டிக்கியில் போட்டுவிட்டு வெறுங்காலோடுதான் ஏறுவார்கள். சாமி மாலை காய்ந்து உதிரும் வரையாவது இது நடக்கும். சென்னையிலிருந்து வருகிற அதிகாரிகள் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, சாயங்காலம் என் ஸ்கூட்டியைத் துடைத்துப் பொட்டு வைப்பேன்.

எங்கள் ஒர்க்ஸ் மேனேஜர் குரியன் சார். மலையாளி, புனலூர்க்காரர். மெலிந்த ஆள், சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. அவருக்கென்று ஒரு முறை இருந்தது. புகாரோடு வண்டி வந்தால் பானட்டைத் திறக்க விடமாட்டார். சொந்தக்காரரையே ஓட்டச் சொல்லி, தான் பின்சீட்டில் கண்ணை மூடி உட்கார்ந்துகொள்வார். ஒரு சுற்று வந்ததும் ஷூவையும் சாக்ஸையும் கழற்றிவிட்டு, டிரைவர் சீட்டில், சீட்டை நகர்த்தாமல், கண்ணாடியைத் திருப்பாமல், சொந்தக்காரர் உட்கார்ந்திருந்த மாதிரியே உட்கார்ந்து தானும் ஒரு சுற்று ஓட்டுவார். போதும் என்று பட்டால் "மதி" என்பார். அந்த ஒரு சொல்லை வைத்தே நாங்கள் அவருக்குப் பட்டப்பெயர் வைத்திருந்தோம்.

ஒருமுறை இலஞ்சியிலிருந்து ஒரு டீச்சர் வந்தார். வளைவில் திரும்பும்போதெல்லாம் அடியில் டங் டங் என்று சத்தம் வருகிறது, இரண்டு இடத்தில் காட்டியாகிவிட்டது, சஸ்பென்ஷனை மாற்றச் சொல்கிறார்கள் என்று அழாத குறை. குரியன் சார் கண்ணை மூடிக்கொண்டு ஒரு சுற்றுப் போய் வந்தார். சீட்டுக்கு அடியில் கையை விட்டு ஒரு எவர்சில்வர் டம்ளரை எடுத்தார். துணியால் துடைத்து, தாளில் சுற்றி, டீச்சர் கையில் கொடுத்தார். சிரிக்கவில்லை. எங்களையும் சிரிக்க விடவில்லை. அந்த டீச்சர் கடைசி வரை எங்களைத் தவிர வேறு இடத்துக்குப் போகவில்லை.

இறக்கம் எப்போது தொடங்கியது என்று ஒரு நாளைக் காட்டிச் சொல்ல முடியாது. மற்ற கம்பெனிக்காரர்களும் மலை ஏறுகிற வண்டி செய்யத் தொடங்கினார்கள், அதுவும் பெட்ரோல் குறைவாகக் குடிக்கிற வண்டி. எங்களுக்குப் பாகங்கள் வரத் தாமதமாயிற்று. மேலிடத்தில் ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள், வருகிறவர் ஒவ்வொருவரும் போர்டின் நிறத்தை மாற்றினார். புது வண்டி கேட்டால் பழைய வண்டிக்கே கறுப்புப் பட்டை ஒட்டி, சீட்டில் சிவப்பு நூல் தைத்து, கால் பெடல்களுக்குப் பளபளவென்று அலுமினியத் தகடு போட்டு, 'ஸ்போர்ட்' என்று எழுதி அனுப்பினார்கள். எஞ்சின் முன்னைவிடச் சின்னது. இழுவையைக் குறைத்துவிட்டு ஸ்டிக்கரைக் கூட்டினார்கள் என்று நான் ஒரு கூட்டத்தில் சொல்லி, முதலாளியிடம் முறைப்பு வாங்கினேன். கடைசியில் இந்தியாவில் வண்டி செய்வதையே நிறுத்தப்போவதாக அறிவித்தார்கள். எங்களுக்குத் தகவல் வரும் முன்னால் டி.வி.யில் வந்துவிட்டது. டீக்கடைக்காரர்தான் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

அந்தக் கடைசிச் சரக்கில் ஒரு ஸ்போர்ட் வண்டியை வாங்கியவர் வெள்ளத்துரை. திருவேங்கடம் பக்கம். பட்டாளத்தில் லாரி ஓட்டி, நாயப் சுபேதாராக ஓய்வு பெற்றவர். பனி மலையில் சங்கிலி கட்டின சக்கரத்தோடு ஓட்டியிருக்கிறார், ஒரு கீறல் விழுந்ததில்லை என்பதுதான் அவருடைய பேச்சு. கம்பெனி போகப்போகிறது, யோசித்துக்கொள்ளுங்கள் என்று நானே சொன்னேன். "கம்பெனி போனா போகட்டும், வண்டி எங்கிட்ட இருக்கும்லா" என்றார். கிளட்ச் இல்லாத ஆட்டோமேட்டிக் வண்டி. ஒரு வாரம் எங்கள் டெமோ வண்டியில் பழகிவிட்டுத்தான் எடுத்துப் போனார்.

அந்த ஆடியில் நல்ல சாரல். குற்றாலத்தில் எல்லா அருவியிலும் தண்ணீர். வெள்ளத்துரை மனைவி ராமலட்சுமியோடு ஐந்தருவிக்குப் போனார். எண்ணெய் தேய்த்துக்கொண்டு குளித்துவிட்டு, வேட்டியை மாற்றி, செருப்பை டிக்கியில் போட்டுவிட்டு வண்டியில் ஏறினார். சரிவான இடத்திலிருந்து பின்னால் எடுக்க வேண்டும். எடுக்கும்போது வண்டி திடீரென்று பாய்ந்து பின்னால் இருந்த பழக்கடையில் மோதிவிட்டது. ரம்புட்டானும் மங்குஸ்தானும் ரோடெல்லாம் உருண்டன. கடைக்காரி பேச்சியம்மாளின் கால் எலும்பு முறிந்தது.

வண்டியை எங்களிடம் இழுத்து வந்தார்கள். வெள்ளத்துரையும் போலீஸில் வேலை பார்க்கும் அவர் மகனும் வந்தார்கள். மகன்தான் பேசினார்.

"சார், அப்பாவுக்கு ஆட்டோமேட்டிக் பழக்கமில்ல. பிரேக்குன்னு நெனச்சு ஆக்சிலேட்டர மிதிச்சிட்டாக. வயசாகுதுல்லா. நீங்க வண்டியில கொற ஒண்ணும் இல்லன்னு எழுதிக் குடுத்திருங்க, நான் ஸ்டேஷன்ல பாத்துக்கிடுதேன்."

"பிரேக்கத்தான் மிதிச்சேன்" என்றார் வெள்ளத்துரை. தரையைப் பார்த்துச் சொன்னார்.

"அப்பா, சும்மா இருங்கப்பா."

சாவி மகனிடம் இருந்தது. இனிமேல் அவர் வண்டியைத் தொடப்போவதில்லை என்று வீட்டில் முடிவு செய்தாகிவிட்டது என்பதையும் மகனே சொன்னார். பிறகு போன் பேச வெளியே போனார். வெள்ளத்துரை குரியன் சார் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தார்.

"சார், ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். எங்க அய்யாவுக்குக் கடைசிக் காலத்துல எல்லாம் மறந்துட்டு. பெத்த புள்ளைய யாருன்னு கேட்டாக. எனக்கும் அதுதான் ஆரம்பிக்கோ? நான் பிரேக்க மிதிச்ச மாதிரிதான் எனக்கு ஞாவகம். ஆனா எல்லாரும் இல்லங்காக. என் ஞாவகத்த நானே நம்பலாமா வேண்டாமான்னு தெரியல."

வண்டி, கேஸ், அபராதம் எதுவும் அந்த மனிதருக்குப் பொருட்டில்லை. தன் புத்தி தன்னிடம் இருக்கிறதா இல்லையா என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும். குரியன் சார் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நோக்கிட்டுச் சொல்றேன்" என்றார்.

வழக்கமான பரிசோதனை எல்லாம் செய்தோம். பிரேக் ஆயில், டிஸ்க், குழாய், வேக்குவம், எல்லாம் சரி. கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்தோம். ஒரு பிழையும் காட்டவில்லை. ஆர்.டி.ஓ. ஆபீஸிலிருந்து வந்த இன்ஸ்பெக்டரும் பிரேக் நன்றாக இருக்கிறது என்று எழுதிவிட்டுப் போனார். மதுரையிலிருந்து ஏரியா மேனேஜர் போனில், "டிரைவர் எரர்னு போட்டு க்ளோஸ் பண்ணிடுங்க" என்றார். எனக்கும் அதில் தப்பு தெரியவில்லை. பிரேக் நன்றாக இருந்தால் மிதித்தவர் வேறு எதையோ மிதித்திருக்கிறார், அவ்வளவுதானே.

குரியன் சார் ஷூவைக் கழற்றிவிட்டு அந்த வண்டியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். இறங்கி வந்து என்னிடம், "கணபதி, வண்டி பொய் சொல்லல. அவரும் பொய் சொல்லல. அப்போ இடையில என்னமோ உண்டு. பின்னால நின்ன ஆளை யாராவது கேட்டாங்களா?" என்றார்.

யாரும் கேட்டிருக்கவில்லை. அடிபட்டவளிடம் வலிக்கிறதா என்று மட்டும்தான் எல்லோரும் கேட்டிருந்தார்கள்.

தென்காசி பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். பேச்சியம்மாள் காலைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். வாய்க்குக் கட்டுப் போடவில்லை. எங்கள் சட்டையில் கம்பெனிப் பெயரைப் பார்த்ததும் பிடித்துக்கொண்டாள். சீசன் நேரத்தில் படுக்க வைத்துவிட்டீர்களே, பழமெல்லாம் அழுகுதே என்று ஒரு பாட்டம் திட்டி முடித்தாள். குரியன் சார் அதுவரை கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பிறகு, "அம்மா, வண்டி வர்றதுக்கு முன்னால நீங்க என்ன கண்டீங்க?" என்று கேட்டார்.

"என்னத்தக் கண்டேன். வெள்ள லைட்டு எரிஞ்சுது, பின்னால எடுக்காகன்னு தெரிஞ்சுது. நான் பழக்கூடையத் தள்ளி வச்சேன். செவப்பு லைட்டு எரிஞ்சுது, சரி நிறுத்திட்டாகன்னு நெனச்சேன். செவப்பு அணைஞ்சுது. அணைஞ்ச ஒடனே பாஞ்சு வந்துட்டு."

"செவப்பு எரிஞ்சதா? நல்லா நோக்கினீங்களா?"

"அங்கன வருசக்கணக்கா வண்டிக்குப் பின்னால ஒக்காந்து யாவாரம் பாக்கேன். செவப்பு எரிஞ்சா இருப்பேன், எரியலன்னா எந்திரிப்பேன். எரிஞ்சதுனாலதான் இருந்தேன். இல்லன்னா நான் ஏன் அடிபடுதேன்?"

பிரேக்கில் கால் படாமல் சிவப்பு விளக்கு எரியாது. வெள்ளத்துரை பிரேக்கைத்தான் மிதித்திருக்கிறார். மிதித்த கால் அதில் நிற்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது குரியன் சார் கேட்டார்: "கணபதி, குற்றாலத்தில் நல்லா எண்ணெய் தேய்க்கிற ஆள் யாரு?"

மறுநாள் காலையில் அவரை ஐந்தருவிக்குக் கூட்டிப் போனேன். பத்து வருஷத்துக்கு மேல் இங்கே வேலை பார்த்தும் அந்த மனிதர் ஒருநாள் கூட எண்ணெய் தேய்த்துக்கொண்டதில்லையாம். துண்டைக் கட்டிக்கொண்டு கல்லில் கூச்சத்தோடு உட்கார்ந்தார். தேய்க்கிறவர் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டியதும் "என்டம்மே" என்றார். அவர் வாயிலிருந்து அவ்வளவு சத்தமாக நான் கேட்டது அது ஒன்றுதான்.

"பாதத்துல நல்லாப் போடுங்க" என்றார் தேய்க்கிறவரிடம்.

"எல்லாரும் தலைக்குக் கேப்பாக, சார் பாதத்துக்குக் கேக்காக" என்று அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

சீசன் கூட்டத்தில் அருவிக்கு அடியில் அதிக நேரம் நிற்க முடியாது. தண்ணீர் தலையில் விழுந்து, பின்னால் இருப்பவர் தள்ள, வெளியே வந்துவிட வேண்டியதுதான். எண்ணெய் முழுக்கப் போகாது. போக வேண்டும் என்று யாரும் நினைப்பதும் இல்லை, உடம்பில் இருந்தால்தான் நல்லது என்று சோப்புப் போட மாட்டார்கள். குரியன் சாரும் போடவில்லை. கம்பெனி வண்டியில், பாலிதீன் உறை போட்ட சீட்டில் அவரை உட்கார வைத்து ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டி வந்தேன். பின்பக்கச் சரிவில் எங்கள் டெமோ வண்டி தயாராக இருந்தது, அதுவும் அதே ஸ்போர்ட் வண்டிதான். அதற்குப் பின்னால் பழைய டயர்களை அடுக்கி வைத்திருந்தோம். நான் பின்பக்கம் ஓரமாக நின்று விளக்கைப் பார்க்க வேண்டும். அவர் வெறுங்காலோடு ஏறினார்.

பின்னால் எடுத்தார், பிரேக்கை மிதித்தார், நின்றது. மறுபடி எடுத்தார், நின்றது. எனக்கு உள்ளுக்குள் சப்பென்று ஆகிவிட்டது. கண்ணாடி வழியாக அவர் என்னைப் பார்த்தார். அப்போது எனக்குத் தோன்றியது. "சார், அவுக கண்ணாடியப் பாத்து எடுக்க மாட்டாக. லாரி ஓட்டினவுக ஒடம்ப முழுசாத் திருப்பிப் பின்னால பாத்துத்தான் எடுப்பாக" என்றேன்.

அவர் இடது கையைப் பக்கத்து சீட்டின் முதுகில் போட்டு, உடம்பை முறுக்கித் திரும்பினார். வெள்ளை விளக்கு எரிந்தது. வண்டி மெல்ல வந்தது. சிவப்பு எரிந்தது. அணைந்தது. அடுத்த நொடி வண்டி துள்ளிப் போய் டயர்களில் மோதி நின்றது. டயர் ஒன்று உருண்டு என் காலடிக்கு வந்தது. குரியன் சார் ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். கதவைத் திறந்து, "மதி" என்றார்.

உடம்பு திரும்பும்போது கால் நேராக மிதிக்காது, சாய்ந்து மிதிக்கும். ரப்பர் பெடல் என்றால் அப்படியும் பிடித்துக்கொள்ளும். இது அலுமினியத் தகடு, நடுவில் அழகுக்குப் புள்ளி புள்ளியாக ரப்பர். எண்ணெய்க் கால் அதில் வழுக்கி, பக்கத்தில் இருக்கும் ஆக்சிலேட்டரில் போய் விழுகிறது. ஷூ போட்டு ஓட்டுகிற நாட்டில் அதை வரைந்தவருக்குக் குற்றாலம் எப்படித் தெரியும்? சாதாரண மாடலின் ரப்பர் பெடலை மாட்டினோம். குரியன் சார் மறுபடியும் ஏறி, அதே மாதிரி திரும்பி, சலிக்கிற வரை ஓட்டிப் பார்த்தார். ஒரு தடவை கூடக் கால் நழுவவில்லை.

அதை அப்படியே அறிக்கையாக எழுதினார். பிரேக் பழுதில்லை, ஓட்டியவர் பிரேக்கைத்தான் மிதித்தார், பெடலின் மேல்தகடு எண்ணெய்க் காலுக்கு வழுக்குகிறது. ஏரியா மேனேஜர் மதுரையிலிருந்து நேரில் வந்துவிட்டார். முதலாளியும் கூட உட்கார்ந்திருந்தார்.

"குரியன், இதை எழுதினா அந்த மாடல் வண்டி எல்லாத்துக்கும் பெடல் மாத்தணும்னு கேப்பாங்க. கம்பெனியே கிளம்பிட்டிருக்கு. இந்த நேரத்துல இது தேவையா?"

"அதனாலதான் சார் இப்பவே எழுதணும். கம்பெனி போயிடும். அந்த ஆள் இங்கதான இருக்கணும்?"

"எண்ணெய் தேய்ச்ச காலோட ஓட்டுனது அவர் தப்புதானே?"

"தப்புதான். அதையும் எழுதியிருக்கேன். ஆனா தப்பான பெடலை அவர் மிதிக்கல."

ஏரியா மேனேஜர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி, "நமக்கு எதுக்கு வம்பு" என்று இழுத்தார். கம்பெனி அனுமதி இல்லாமல் அறிக்கை வெளியே போனால் கடைசி மாதங்களுக்கு ஒர்க்ஸ் மேனேஜர் தேவைப்படமாட்டார் என்பதை ஏரியா மேனேஜர் நல்ல வார்த்தையில் சொன்னார். குரியன் சார் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். சாயங்காலம் ஒரு பிரதியைக் குற்றாலம் ஸ்டேஷனில் கொடுத்தார், இன்னொன்றை எடுத்துக்கொண்டு என்னோடு திருவேங்கடத்துக்கு வந்தார்.

வெள்ளத்துரை என்னைப் படிக்கச் சொன்னார். நான் படித்தேன். ஓட்டியவர் பிரேக்கைத்தான் மிதித்தார் என்ற இடத்தில், "அத இன்னொருக்கா படிங்க" என்றார். படித்தேன். ராமலட்சுமி அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். மகன் சாவியைக் கொண்டுவந்து அப்பாவிடம் நீட்டினார். அவர் வாங்கவில்லை.

"எம் புத்தி எங்கிட்ட இருக்குன்னு தெரிஞ்சுட்டு. அது போதும். அந்தம்மா எந்திரிச்சு நடக்கட்டும், பொறவு பாப்போம்."

குரியன் சார் அந்த மாதக் கடைசியில் புனலூருக்குப் போய்விட்டார். அனுப்பிவிட்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இன்னும் முழுதாகப் போகவில்லை. போகும் முன்னால், தென்காசி வட்டாரத்தில் ஓடிய எல்லா ஸ்போர்ட் வண்டிகளையும் வரவழைத்து, பார்ட்ஸ் அறையில் கிடந்த ரப்பர் பெடல்களை மாட்டிவிட்டுத்தான் போனார். கம்பெனியிலிருந்தும் கடைசியில் ஒரு சுற்றறிக்கை வந்தது. வாடிக்கையாளர்கள் தகுந்த காலணி அணிந்து ஓட்டும்படி அறிவுறுத்த வேண்டுமாம். குற்றாலத்து ஆடி மாதத்தில். அதை நோட்டீஸ் போர்டில் ஒட்டினோம். பிறகு போர்டையும் கழற்றினார்கள், ஷோரூமையும் மூடினார்கள். நான் இன்னொரு கம்பெனியின் ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்து, அங்கிருந்துதான் ஓய்வு பெற்றேன்.

அடுத்த சீசன் தொடங்கும்போது வெள்ளத்துரை போன் செய்தார். பேச்சியம்மாள் மறுபடி கடை போட்டுவிட்டாளாம். பார்க்கப் போக வேண்டும், துணைக்கு வரமுடியுமா என்றார். வண்டியை என்னைத்தான் ஓட்டச் சொன்னார். அவரும் ராமலட்சுமி அக்காவும் ஏறிக்கொண்டார்கள். ஐந்தருவியில் அதே சரிவில்தான் இடம் கிடைத்தது.

பேச்சியம்மாள் ஊன்றுகோலைப் பக்கத்தில் சாத்திவிட்டு மாம்பழத்தை அடுக்கிக்கொண்டிருந்தாள். வெள்ளத்துரை அவள் முன்னால் கையைக் கூப்பி நின்றார். அவள்தான் பேசினாள்.

"நீங்க செவப்பு போட்டீக அண்ணாச்சி. நான் பாத்தேன். யாரு கேட்டாலும் அதத்தான் சொன்னேன்."

பழம் வாங்கினோம். வேண்டாம் என்று சொல்லச் சொல்ல ராமலட்சுமி அக்கா கை கொண்ட மட்டும் வாங்கினார். புறப்படும்போது நான் சாவியை எடுத்தேன். பேச்சியம்மாள் என்னைத் தடுத்தாள்.

"நீங்க ஏன் எடுக்கீக? வண்டி அவுகளுதுதானே. அவுக எடுக்கட்டும்."

வெள்ளத்துரை தலையை ஆட்டி மறுத்தார்.

"எடுங்க அண்ணாச்சி. நான் பின்னால நிக்கேன்."

ஊன்றுகோலை ஊன்றி எழுந்து வண்டிக்குப் பின்னால் போய் நின்றுவிட்டாள். "அம்மா, தள்ளி வாங்க" என்று நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். உதறிவிட்டாள். வெள்ளத்துரை அவளையே பார்த்தார். பிறகு என் கையிலிருந்து சாவியை வாங்கி, ஏறி உட்கார்ந்து, உடம்பை முழுசாகத் திருப்பிப் பின்னால் பார்த்தார்.

"வாங்க" என்றாள் அவள். வண்டி மெல்ல வந்தது. "வாங்க... இன்னும் வாங்க..."

ராமலட்சுமி அக்கா கண்ணை மூடிக்கொண்டார். நான் மூடவில்லை. அவளுடைய சேலைக்கு ஒரு சாண் தள்ளி வண்டி நின்றது. பேச்சியம்மாள் ஒரு அடி கூட நகரவில்லை.